மறுபடியும் ஓம்

"கொஞ்சம் இலங்கைத் தமிழில் பேசிக் காட்டுங்கள், பார்ப்போம்."

2023-இல், மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றின் முதல் தேர்வு அது. எந்தப் போட்டி என்று சொல்லப்போவதில்லை. நெஞ்சில் எண் எழுதிய ஸ்டிக்கரோடு காலை ஆறரை மணியிலிருந்து நின்று, மதியம் இரண்டு மணிக்குத்தான் உள்ளே போனேன். பல்லவி முடிந்து சரணத்தில் கால் வைத்ததுமே நடுவில் இருந்தவர் கையை உயர்த்திவிட்டார். போதுமாம். நன்றி சொல்லித் திரும்பும்போது பக்கத்தில் இருந்த அம்மாள் என் விண்ணப்பத்தில் முகவரியைப் படித்தார். மண்டபம் முகாம், இராமேஸ்வரம் போகும் வழியில் இலங்கை அகதிகள் இருக்கும் இடம். மூன்று முகங்களிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. என் பாட்டுக்கு எரியாத விளக்கு.

பேசிக் காட்டினேன். வீட்டில் பேசுவதைப் போலத்தான் பேசினேன். நடுவில் இருந்தவர் முகம் சுருங்கியது. "இது ராமநாதபுரத்துப் பேச்சு மாதிரி அல்லவா இருக்கிறது?" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்ததும் அதனால்தான்.

2006-இல் நாங்கள் பேசாலையிலிருந்து வந்தபோது எனக்கு ஐந்து வயது. மன்னார் தீவில் கடலோர ஊர் அது. அந்த ஆண்டு ஜூனில் எங்கள் மாதா கோவிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் மீதே தாக்குதல் நடந்த பிறகு, ஊரில் யாருக்கும் இரவு என்பது இரவாக இல்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். மண்டபத்திலிருந்து இராமநாதபுரம் கல்லூரிக்கு நான் தினமும் பஸ்ஸில் போன தூரம் அதைவிடக் கூடுதல். அப்பம்மா 1970-களில் ஒருமுறை தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலில் டிக்கெட் எடுத்து வந்து, இரண்டு சேலை வாங்கிக்கொண்டு திரும்பியவர். இரண்டாம் தடவை டிக்கெட் இல்லை, திரும்பவும் இல்லை. "முதல் தடவை வந்த போதே நாலு சேலையாக எடுத்திருக்க வேண்டும்" என்று இன்றைக்கும் சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் என் முதல் வாரம் இப்படிப் போனது. ஆசிரியை "சாப்பிட்டாயா?" என்றார். "ஓம்" என்றேன். வகுப்பு முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது. ஒருவன் "நமசிவாய" என்று முடித்தும் வைத்தான். மாதா கோவில் பாட்டு வகுப்பில் முதலில் வருகிற வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளை நான். மறுநாள் "என்னிடம் கொப்பி இல்லை, மிஸ்" என்றேன். "காப்பி எல்லாம் இங்கே தர மாட்டார்கள், வீட்டிலேயே குடித்துவிட்டு வர வேண்டும்" என்றார் அவர், மிகுந்த அன்போடு. நோட்டுப் புத்தகத்துக்குத்தான் நாங்கள் கொப்பி என்போம் என்பதை விளக்க என்னிடம் வேறு சொல் இல்லை. ஒரு வாரம் கொப்பியும் இல்லாமல் காப்பியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தீர்மானமாகத் திருத்திக்கொண்டேன். ஓம் போய் ஆமாம் வந்தது. கதைப்பது போய்ப் பேசுவது வந்தது. கதிரை நாற்காலி ஆனது, குசினி அடுப்படி ஆனது, வடிவு அழகானது. பாண் மட்டும் வெகுநாள் அடம்பிடித்தது. ரொட்டி என்று சொன்னால் அதற்கு ருசி குறைவதாக எனக்கு ஒரு எண்ணம். எட்டாம் வகுப்புக்குள் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் "உச்சிப்புளியா, தாயி?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முகாமில் பரிசு கொடுக்கும் வழக்கம் இருந்திருந்தால் அதற்கு நான் விண்ணப்பித்திருப்பேன்.

இப்படி அரும்பாடுபட்டு அழித்ததைத்தான் அந்தக் கல்யாண மண்டபத்தில் திருப்பிக் கேட்டார்கள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நான் அழிக்காமல் வைத்திருந்தாலும் அது அவர்களுக்குப் பயன்பட்டிருக்காது. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணத்துத் தமிழ்தான், அதுவும் சினிமாவில் வருகிற மாதிரி. பேசாலைப் பேச்சு கடலுக்குப் போகிறவர்களின் பேச்சு. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி வெட்டி வெட்டிப் போடுவது. வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுகளுக்கு இரு கரையிலும் பெயர் ஒன்றே. எங்கள் அப்பா பாம்பன் ஆட்களோடு பேசினால் யார் எந்தக் கரை என்று கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டும். ஆக, தேர்வாளர்களின் காதுக்கு நாங்கள் பிறந்ததிலிருந்தே போதிய அளவு இலங்கையாக இல்லை.

ஆனாலும் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். "மூன்று வாரம் கழித்து வாருங்கள். ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொண்டு வாருங்கள். படகில் வந்த கதையையும் யோசித்து வையுங்கள்" என்றார் அந்த அம்மாள். எந்தப் பாட்டு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் என்றால் என் கணக்கில் மூன்று ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு நண்டுக் கம்பெனி. பிளஸ் டூ முடித்தபின் மூன்று ஆண்டு முழுநேரம் அங்கேதான் இருந்தேன், 2022-இல் பி.காம். சேர்ந்த பிறகு காலையில் மட்டும். வேகவைத்த நீலக்கால் நண்டை ஓடு பிரித்து, சதையை நார் சிதையாமல் எடுத்து, வெள்ளைத் துண்டு தனி, உடம்புச் சதை தனி, கால் சதை தனி என்று தட்டுகளில் வைக்க வேண்டும். எல்லாம் கடல் கடந்து போகும். நண்டுக்குக் காகிதங்கள் சரியாக இருக்கின்றன. எடைக்குத்தான் கூலி. எட்டு மணிக்கு எழுந்து, எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவி, எட்டேகால் பஸ்ஸைப் பிடித்து, உச்சிப்புளி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை. அதில் தேர்வு வைத்தால் முதல் சுற்றிலேயே தேறுவேன். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனியிலும் வேலை சுருங்கும். அப்போதுதான் நன்றாகப் பாடிப் பழகலாம். ஆனால் கையில் காசு இருக்காது. போட்டிகளுக்குப் போக பஸ் டிக்கெட் வேண்டுமே.

ஊர்ப் பேச்சை எங்கே போய்ப் பிடிப்பது? முதலில் அப்பம்மாவிடம் கேட்டேன். "நான் எப்படிக் கதைக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? கதைக்கிறேன், அவ்வளவுதான்" என்று உள்ளே போய்விட்டார். பிறகு வெட்கத்தை விட்டு, யூடியூபில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சந்தைக்குப் போய் மீன் விலை கேட்கும் வீடியோக்களைப் பார்த்துப் பழகினேன். அம்மா எட்டிப் பார்த்து, "எங்கள் வீட்டில் யாரடி இப்படி இழுப்பது?" என்றாள்.

கடைசியில் எனக்கு வாத்தியாராக வாய்த்தவளுக்கு எட்டு வயது. 2022-இல் அங்கே டீசலும் பால்மாவும் கிடைக்காமல் சனங்கள் மறுபடியும் படகேறினார்களே, அப்படி வந்து தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டில் இறங்கிய குடும்பம் அவளுடையது. அதுவும் பேசாலை. நேற்றுக் கரையிலிருந்து எடுத்த மாதிரி ஈரம் காயாத பேச்சு. முகாமின் குழாயடியில் நான் ஒரு வாக்கியம் சொல்வேன்; அவள் தலையை ஆட்டி, "அப்படி இல்லை அக்கா" என்று திருத்துவாள். சீக்கிரம் வா என்பதற்கு "கெதியாக வா" என்று நான் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு, என் முதல் வாரப் பள்ளிக்கூடத்தை ஞாபகப்படுத்தியது. அன்றைக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது சுற்றில் ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, குறிப்பேட்டோடு ஒரு தம்பி வந்தார். என்னைவிட இளையவர், மரியாதையானவர். "படகில் அழுதீர்களா, அக்கா?"

"தூங்கிவிட்டேன்."

"எழுந்த பிறகு?"

"வாந்தி எடுத்தேன். பிறகு பிஸ்கட் கேட்டேன்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "பயத்தைப் போக்க அம்மாவோ பாட்டியோ ஏதாவது பாடினார்களா?"

இருமினால்கூட வாயைப் பொத்தச் சொன்ன படகில் பாட்டா? அப்பம்மா ஜெபமாலையை உருட்டினார், சத்தமில்லாமல். உதடு மட்டும் அசைந்தது. அதைத்தான் சொன்னேன். "அதைக் கொஞ்சம் பாட்டாக வைத்துக்கொள்ளலாமா?" என்றார் தம்பி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஆசை யாரை விட்டது. மேடையில் ஏறி, தவக்காலத்தில் எங்கள் ஊரில் பாடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாமிலிருந்து நான்கு வரி எடுத்தேன். வயதானவர்கள் முறை வைத்து, ஆள் மாற்றி ஆள், இரவு நெடுக இழுத்துப் பாடுவது அது. அப்பம்மாவின் தொண்டையில் அது எப்படி உடைந்து திரும்புமோ அந்த இடத்தில் என் தொண்டையும் உடைந்து திரும்பியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பாரி மாதிரி இருக்கிறதே. இதே உணர்வில் ஒரு சினிமாப் பாட்டு இருக்கிறதா?" என்றார்.

தகவல் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த டிசம்பரில், யாழ்ப்பாணத்திலிருந்து விமானத்தில் வந்து பாடிய ஒரு சிறுமி ஜீ தமிழ் சரிகமப சிறுவர் போட்டியில் முதலிடம் பெற்றாள். முகாமில் அன்று யாரும் தூங்கவில்லை. எந்த வீட்டைக் கடந்தாலும் அவள் குரல். நானும் கைதட்டினேன், உண்மையாகத்தான். எவ்வளவு தெளிவான குரல்! அப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், பிள்ளை வீட்டை விட்டு எத்தனை மாதம் இருந்திருக்கும். இனிக் கெதியாக வீட்டுக்குப் போய்விடும்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

நான் இங்கே ஊன்றிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். முகாமுக்கு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. எங்களுக்கு அதற்கு முன்பே மாறிவிட்டது. மண்டபம் தேநீர்க் கடைப் பெரியவர் என்னைக் கண்டால் வானொலி அறிவிப்பாளர் குரலில் "இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்" என்று முழங்குவார். அவர் இளமையில் இந்தக் கரை முழுவதும் சினிமாப் பாட்டுக்கு அந்த வானொலியைத்தான் திருப்புமாம், பி.எச். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டைப் பற்றி ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும். "எங்கள் ஊர்ப் பாட்டை உங்கள் ஊர்தான் எங்களுக்குப் பாடிக் காட்டியது" என்பார். அவருக்காகவாவது ஒரு போட்டியில் ஜெயித்துவிட வேண்டும் என்று தோன்றும். கம்பெனியில் பசாம் முணுமுணுத்தபோது தங்கச்சிமடத்து அக்கா ஒருவர் கை நிறுத்தாமலே, "பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊரில் இதை இன்னும் கொஞ்சம் கீழே இழுப்போம்" என்று பாடிக் காட்டினார். ராகம் அதே, சொற்கள் வேறு. அன்று இருவர் தட்டிலும் எடை குறைந்தது.

ஊன்றிவிட்டேன் என்று சொல்லும்போதெல்லாம் ஏனோ பேசாலைக் கருவாட்டுப் பந்தலின் வெயில் மூக்கில் ஏறுகிறது. அது நிஜ ஞாபகமா, அப்பம்மா சொல்லிச் சொல்லி வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. சென்ற மாதம் பேசாலையிலிருந்து மாமி அலைபேசியில் அழைத்தார். நான் மிகக் கவனமாக, எட்டு வயது வாத்தியார் சொல்லித்தந்தபடியே, "ஓம் மாமி, நாங்கள் சுகம்" என்றேன். "என்ன பிள்ளை, அப்படியே இந்தியாக்காரி மாதிரிக் கதைக்கிறாய்!" என்றார்.

என் வாத்தியாருக்கு இப்போது பத்து வயது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த நாளில் ரயில் பார்க்கப் போய் வந்து, "சூப்பராக இருந்ததா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஆமாம், ஆமாம்" என்றாள். நான் கேட்டும் கேளாதது போல இருந்துவிட்டேன்.

நேற்று இன்னொரு போட்டிக்கு விண்ணப்பம் போட்டேன். இப்போதெல்லாம் அலைபேசியிலேயே நிரப்ப வேண்டும். பெயர், வயது, படிப்பு எல்லாம் ஓடிவிட்டன. சொந்த மாவட்டம் என்ற இடத்தைத் தொட்டதும் ஆங்கில அகரவரிசையில் ஒரு பட்டியல் விழுந்தது. இராமநாதபுரத்தைத் தேடிக் கீழே தள்ளினேன். தோளோடு சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அக்கா, மன்னார் எங்கே?" என்றாள்.

"நீயே பார்."

அலைபேசியை வாங்கிக்கொண்டாள். மதுரை வந்தது, அடுத்தது மயிலாடுதுறை. விரலால் மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். தவறவிட்டிருப்போமோ என்று மறுபடியும் மேலே போனாள்.