98-ஐ அழுத்துவதற்கு முன்னால்

நான் பார்ப்பது கருத்துக் கணிப்பு வேலை. சொன்னதுமே எல்லாரும் தேர்தலைத்தான் நினைப்பார்கள். தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும், வயிறு தினமும் பசிக்குமே. எனவே மற்ற நாட்களில் வறுமை, வளர்ச்சி, குடிநீர், உரிமைகள் என்று யாரோ எங்கோ உட்கார்ந்து தயாரித்த கேள்விகளை டேப் என்ற கைக் கணினியில் ஏற்றிக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீடு வீடாக அலைவேன். ஊருக்குள் போனால் மட்டும் வேலை முடியாது. ஊரை விட்டு விலகி, காட்டோரம் நாலைந்து வீடாக இருக்கும் கொட்டாய்களையும் தேடிப் போக வேண்டும். பஸ் அங்கெல்லாம் போகாது.

ஒவ்வொரு கேள்விக்கும் கடைசியில் இரண்டு எண்கள் இருக்கும். 98 என்றால் ‘தெரியாது’. 99 என்றால் ‘சொல்ல விருப்பமில்லை’. உலக வறுமை, மனித உரிமை மாதிரி கேள்வி வந்தால் புதிதாகச் சேர்ந்த பையன்களின் விரல், கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் 98-க்குப் போய்விடும். எதிரே இருப்பவர் எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்றால் கேட்கவே வேண்டாம். இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய பொய் அந்த 98-தான் என்பது என் எண்ணம்.

ஹான்ஸ் ரோஸ்லிங் என்ற ஸ்வீடன் மருத்துவர் போன இடமெல்லாம் ஒரு கேள்வி கேட்பார். கடந்த 20 ஆண்டுகளில் உலகில் கடும் வறுமையில் இருப்போர் பங்கு இரட்டிப்பானதா, அப்படியே இருக்கிறதா, பாதியாகக் குறைந்ததா? 2017-இல் 14 நாடுகளில் ஏறத்தாழ 12,000 பேரிடம் இதைக் கேட்டார்கள். பாதியாகக் குறைந்தது என்ற சரியான விடையைச் சொன்னவர்கள் சராசரியாக 7 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொட்டிருந்தாலே மூன்றில் ஒருவர் தேறியிருப்பார்.

இதே மாதிரி கேள்வியை டவுனில் கேட்டால், பேப்பர் படிக்கிறவர்கள் ‘கூடிப்போச்சு மேடம்’ என்று யோசிக்காமல் சொல்வார்கள். பென்னாகரம் பக்கத்துக் கொட்டாயில் ஒரு ஆயா, “உலகத்தப் பத்தி எனக்கு என்ன கண்ணு தெரியும்” என்றுதான் தொடங்கினார். அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தேன். “எங்க காலத்துல களியும் கீரையுந்தான். நெல்லுச் சோறுன்னா பண்டிகைக்கு. இப்ப கார்டுக்கு அரிசி சும்மாவே குடுக்கறாங்க, திங்கத்தான் ஆளில்ல. இங்கயே இப்படின்னா மத்த ஊர்லயும் கொஞ்சம் குறைஞ்சுதானே இருக்கும்?” தன் வீட்டிலிருந்து உலகத்துக்குப் போகும் அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கலாம். ஆனாலும் சரியான விடைக்குத்தான் போய்ச் சேர்ந்தார். நான் பார்த்த சிலரை வைத்துச் சொல்கிறேன், ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த மூச்சிலேயே அவர் சொன்னது: “ஆனா கடன் ஏறிப்போச்சு.” வாரத் தவணைக்குக் குழுக் கடன், நகைக் கடன், மருமகள் பேரில் ஒன்று, மகள் பேரில் ஒன்று. எந்த வறுமைக் கோடும் இதைக் கேட்பதில்லை. உலக வங்கி 2022-இல் நாளுக்கு 2.15 டாலர் என்று கோடு போட்டது, 2025 ஜூனில் அதை 3 டாலராக்கியது. நாட்டுக்கு நாடு விலைவாசியைச் சரிக்கட்டிப் போடும் கணக்கு அது. நம் திட்டக் குழுவும் 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிராமத்தில் 26 ரூபாய், நகரத்தில் 32 ரூபாய் என்று சொல்லி நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டது. கொட்டாய்க்காரர்களிடம் யார் ஏழை என்று கேட்டால் ரூபாயில் பதில் வராது. “கைமாத்து கேட்டா நம்பிக் குடுக்க ஆளில்லாதவன்” என்றார் பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்கு மூட்டை தூக்கும் ஒருவர். இதைவிட நல்ல வரையறையை நான் படித்ததில்லை. டேப்பில் அதற்குக் கட்டம் கிடையாது.

‘நீங்கள் ஏழையா’ என்றால் அநேகமாக யாரும் ஆமாம் என்பதில்லை. விரலைப் பக்கத்துக் கொட்டாய்ப் பக்கம் நீட்டுவார்கள். ஆனால் பணம் வரும் என்று தோன்றிவிட்டால் கதை மாறும். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கரண்ட் வருடத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது, கார் கூடாது என்று விதிகள். அதற்கப்புறம் டேப்போடு யார் படியேறினாலும் அதற்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கேட்காமலே கரண்ட் பில்லை எடுத்து நீட்டினார்கள். விண்ணப்பம் தள்ளுபடியானவர்கள் என்னிடம் காரணம் கேட்டார்கள். அந்த மாதங்களில் நான் எழுதிய வருமானக் கணக்கை நானே முழுசாக நம்பமாட்டேன். அதைப் பொய் என்று சொல்லவும் மனசு வராது. கேட்கிறவர் யார் என்று ஊகித்துவிட்டுத்தான் யாரும் பதில் சொல்கிறார்கள், ஆபீசில் நாமும் அப்படித்தான்.

மனித உரிமைக் கேள்விகள் தனி ரகம். ஒரு வாக்கியத்தை வாசித்துவிட்டு, முழுமையாக ஏற்கிறேன் என்பதிலிருந்து முழுமையாக மறுக்கிறேன் வரை ஐந்தில் ஒன்றைச் சொல்லச் சொல்ல வேண்டும். அரூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டைத் தட்டி உடைத்து, நாரை உரித்து, கொட்டையை நீக்கிப் போட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. புளிச் சாறு பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. அவர்களில் ஒருவரிடம் ஐக்கிய நாடுகள் சபையின் 1948 பிரகடனத்தில் 25-ஆவது பிரிவு சொல்வதை எளிமைப்படுத்தி வாசித்தேன். உணவு, உடை, வீடு, மருத்துவம் உள்ள வாழ்க்கை எல்லாருக்கும் உரிமை. “நீங்க சொன்னா சரிதாங்க” என்றார், கை நிற்கவில்லை. முழுமையாக ஏற்கிறேன். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அந்த ஏற்பால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்புறம் அவராகவே சொன்னார்: “சோறு எப்படியோ கிடைச்சுரும் மேடம். ஒரு ஆபீசுக்குப் போனா உக்காருன்னு ஒரு வார்த்த சொல்றாங்களா? பேர் சொல்லிக் கூப்புடறாங்களா? ஏய்ங்கறாங்க.” மற்ற மூவரும் தலையாட்டினார்கள். 2000-ஐ ஒட்டி உலக வங்கி 60 நாடுகளில் 60,000-க்கும் மேற்பட்ட ஏழைகளிடம் பேசிப் பார்த்தபோதும் இதேதான் திரும்பத் திரும்ப வந்தது. பணமில்லாததைச் சொன்ன அளவுக்கு, அவமானப்படுத்தப்படுவதையும் சொன்னார்கள்.

அதே அரூர் வட்டத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29-இல். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-இல். அந்தப் பக்கத்தில் மனித உரிமை பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டு இல்லை என்ற பதில் வந்தால், நான் அதோடு விடுவதில்லை. வாச்சாத்தி கேஸ் தெரியுமா என்பேன். பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

ஓசூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் சமமான கூலியும் உரிமையும் வேண்டுமா என்று கேட்டோம். 1979-லேயே சட்டம் சம கூலி என்று சொல்லிவிட்டது, ஜனங்கள் சொல்ல வேண்டாமா? ஒருவர் பட்டென்று மறுத்தார். “வடக்க இருந்து வந்து கூலியக் கெடுத்துட்டாங்க.” வாலிபத்தில் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர் அவர். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்து ராத்திரியோடு ராத்திரியாக ஊர் திரும்பியதை அவரே சொன்னார். அங்கே உங்களையும் இப்படித்தானே பேசியிருப்பார்கள் என்றேன். “இதையேதான் சொன்னான்” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, “இருந்தாலும் மறுக்கறேன்னே போட்டுக்கோங்க.” போட்டேன். உள்ளேயிருந்து அவர் மனைவி, “அந்தப் பசங்களும் வவுத்துக்குத்தானே வந்துருக்காங்க” என்றார். ஒரு வீட்டில் யாரிடம் கேட்பது என்பதை டேப்தான் தேர்ந்தெடுக்கும். அன்று அது தேர்ந்தெடுத்தது கணவரை. அந்த அம்மாவின் கருத்து எந்தச் சதவீதத்திலும் சேரவில்லை.

வெளிநாட்டு உதவி பற்றிய கேள்விக்குத்தான் 98 அதிகம் விழும். இது நம் ஊர்க் குறை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க அரசு தன் பட்ஜெட்டில் எவ்வளவு வெளிநாட்டுக்குக் கொடுக்கிறது என்று கைசர் அறக்கட்டளை கணிப்புகளில் அந்த நாட்டு மக்களையே கேட்டால், சராசரியாக நூற்றுக்கு 25-க்கும் மேல் என்கிறார்கள். நிஜத்தில் ஒன்று, அதற்குச் சற்று முன்பின். நான் இங்கே குழாயைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தேன். எங்கள் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பெரியவர்கள் வாயைத் திறந்தாலே பல்லில் காவிப் பட்டை தெரியும், முட்டி மடங்காதவர்களும் உண்டு. 2013-இல் தொடங்கி வைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில், ஜப்பான் கொடுத்த கடனில் வந்தது. இதைச் சொன்னதும் கொட்டாய் முழுக்கக் கருத்துதான். ஜப்பான்காரனுக்கு நம்ம மேல என்ன பாசம், தண்ணி ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் வருது, பேரப் பசங்க பல்லு வெள்ளையா இருக்குதே, நாமளும் யாருக்காச்சும் குடுக்கலாமில்ல என்று நாலா பக்கமும் பேசினார்கள். ஒரு ஆள் மட்டும் கடன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

“வட்டி எவ்வளவுங்க மேடம்?”

இந்த மாதிரிக் கடனுக்கு வட்டி ரொம்பக் குறைவு, கட்ட வேண்டியது அரசாங்கம் என்றேன். “அப்ப நல்ல ஆளுதான்” என்றார். வெளிநாட்டு உதவியை ஆதரிக்கிறார் என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.