மழை இல்லாத வெள்ளம்

மட்டக்களப்புப் பக்கம் எங்கட மண்டூர் வீட்டு முகட்டு வளையில் ஒரு சுரைக்குடுவை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற அளவு. நைஜீரியாவில் இருந்து பெரியப்பா கொண்டுவந்தது. போனவர்கள் எல்லாம் ரேடியோவும் துணியும் கொண்டுவர, இந்த மனிசன் சுரைக்காயைச் சுமந்துகொண்டு பிளேன் ஏறியிருக்கிறார் என்று பெரியம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நம்மூர்க் கணக்கு, விஞ்ஞான வாத்திமார் நிறையப்பேர் அங்கே போனார்கள். எண்ணெய்க் காசு ஓடிய காலம். பள்ளிக்கூடங்கள் பெருகிவிட்டன, படிப்பிக்க ஆள் போதவில்லை. பெரியப்பாவுக்குக் கிடைத்தது பெனுவே ஆற்றங்கரையில் இருக்கும் மகுர்டி. 1986இல் அந்த நாட்டு நைரா சரிந்து விழ, சம்பளம் பெறுமதி இல்லாமல் போய்த் திரும்பிவிட்டார்.

பின்னேரங்களில் வாசல் மண்ணில் ஈர்க்கால் ஆறு கீறிக்காட்டுவார். இடப்பக்கம் இருந்து நைஜர், வலப்பக்கம் இருந்து பெனுவே, இரண்டும் லொகோஜாவில் சேரும். மறுகா ஒரே கோடாகத் தெற்கே போய்க் கடலுக்குக் கிட்டக் கைவிரல் மாதிரிப் பிரியும். கதூனா, சொகோட்டோ என்று கிளைகளும் கீறுவார். கதூனா என்றால் ஹவுசா மொழியில் முதலைகளாம். நமக்கு அது பெரிய புதினமில்லை, நம்மட வாவியிலும் கிடக்குதுதானே.

எனக்குப் பிடித்தது நைஜரின் பைத்தியக்காரப் போக்கு. கடலில் இருந்து ஏறக்குறைய 240 கிலோமீற்றரில், கினி நாட்டு மலையில் பிறக்கிறது. பிறந்ததும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சகாராப் பக்கம் ஏறுகிறது. டிம்பக்டுவுக்குக் கிட்டப் போய்க் கிறுகித் தெற்கே இறங்கிக் கடலைச் சேர்வதற்குள் 4,180 கிலோமீற்றர். (எங்கட மகாவலி முழுக்க 335.) அதனால் வெள்ளைக்காரனுக்கும் தலைசுற்றியது. நைல் நதியில் சேருகிறது என்றார்கள், கொங்கோவில் என்றார்கள், பாலைவனத்தில் வற்றுகிறது என்றும் சொன்னார்கள். 1796இல் முங்கோ பார்க் என்ற ஸ்கொட்லாந்துப் பயணி மாலி நாட்டுச் செகூவில் நின்று அது கிழக்கே ஓடுவதைக் கண்டார். திரும்பவும் போய், 1806இல் நைஜீரியாவில் புஸ்ஸா என்ற ஊருக்குக் கிட்ட, பாறைகளுக்கிடையே ஆறு சீறிப்பாயும் இடத்தில் உயிரை விட்டார். ஆற்றோடு இறங்கி லாண்டர் சகோதரர் கடலைக் கண்டது 1830இல். அந்த முகத்துவாரங்களில் ஐரோப்பியக் கப்பல்கள் அதற்கு வெகுகாலம் முந்தியே அடிமைகளையும் பாம் எண்ணெயையும் ஏற்றிக்கொண்டுதான் இருந்தன. தாங்கள் நங்கூரம் போட்டிருப்பது நைஜரில் என்று அவர்களுக்குத் தெரியாது! பழைய புஸ்ஸா இப்போது இல்லை. 1968இல் முடிந்த கைன்ஜி அணையின் தண்ணிக்குள் போய்விட்டது.

பெரியப்பா சொன்னதில் நான் நம்பாத கதை ஒன்று இருந்தது. நைஜருக்கு வருசத்தில் இரண்டு வெள்ளமாம். ஒன்று நைஜீரிய மழையோடு வரும் வெள்ளை வெள்ளம், வண்டல் கரைந்து கலங்கலாக இருக்கும். மற்றது கறுப்பு வெள்ளம். கினி மலைகளில் பெய்த மழை மாலி நாட்டுச் சதுப்பில் மாதக்கணக்காகப் பரந்து கிடந்து, சேற்றை அங்கேயே இறக்கிவிட்டு, தெளிந்த தண்ணியாக மெல்ல மெல்ல வரும். அது வந்து சேரும்போது நைஜீரியாவில் மழை ஓய்ந்து கடும் கோடை.

"மழை இல்லாமல் எப்படிப் பெரியப்பா வெள்ளம் வரும்?"

"ஏன் மனே, இஞ்ச வாறதில்லையா?"

வாறதுதான். மாரியில் எங்களுக்கு வெயில் எறிக்கும், மேற்கே மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கும். நவகிரிக்குளத்தில் வான்கதவு திறந்தாச்சு என்று கேள்விப்பட்ட கையோடு வெல்லாவெளி வீதி தண்ணிக்குள் போய்விடும். வயல் வட்டையில் கதிர் தள்ளப்போகிற குடலைப்பயிர் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் அது வரும்.

பெனுவேயின் கதையும் அதுதான். அதன் தலைமாடு கமரூனில். 1982இல் அங்கே லக்டோ அணை கட்டி முடிந்தது. திறந்துவிடுகிற தண்ணியைத் தாங்க நைஜீரியா தன் பக்கம் டசின் ஹவுசா என்ற இடத்தில் இன்னொரு அணை கட்டுவதாக இருந்தது. இதுவரை அது முடியவில்லை. 2012 வெள்ளத்தில் 363 பேர் செத்தார்கள், 21 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. பேப்பரில் மகுர்டி என்ற பெயரைக் கண்டு பெரியப்பா எனக்குக் கோல் எடுத்தார், வேறொன்றும் பேசவில்லை, தான் படிப்பித்த பள்ளிக்கூடம் ஆற்றுக்கு எவ்வளவு கிட்ட என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். 2022இல் 600 பேருக்கு மேல். லொகோஜா வீதியில் லொறிகள் முகடுமட்டும் மூழ்கிக் கிடந்த படத்தை நான் பார்க்கும்போது அவர் இல்லை. எல்லாப் பழியையும் லக்டோவின் தலையில் போடமுடியாது, அந்த வருசங்களில் மழையும் அளவுக்கு மிஞ்சித்தான் பெய்தது. ஆனால் கட்டாமல் விட்ட அணைக்கு மழை என்ன செய்யும்?

குடுவையின் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது அர்குங்கு மீன்பிடித் திருவிழாவில் வாங்கியதாம். 1934 முதல் நடக்கிற விழா. ஆயிரக்கணக்கான ஆம்பிளையள் ஒரே நேரத்தில் ஆற்றில் பாய்வார்களாம், கையில் நம்மட அத்தாங்கு மாதிரி ஒரு வலை, மிதந்துகொள்ளவும் பிடித்த மீனைப் போடவும் இந்தக் குடுவை.

பெரியம்மா அதற்குள் விதைப்பயறு போட்டு, வாயைத் துணியால் இறுக்கி மெழுகு பூசி வைத்திருந்தா. 2011 தை வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணி. கயிறு அறுந்ததை ஒருத்தரும் காணவில்லை. தண்ணி வடிந்து நாலாம் நாள், இரண்டு வளவு தள்ளி ஒரு கிடுகுவேலியில் குடுவை செருகிக் கிடந்தது. துணியை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தா பெரியம்மா. பயறு காய்ந்தபடியே இருந்தது.

"மனிசன் ஒரு உருப்படியான சாமான்தான் கொண்டுவந்திருக்கு" என்றா. அவர் வாசலில் நின்று சேறு வழித்துக்கொண்டிருந்தார், கேட்டமாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.