சத்தமில்லாமல் உடைவது

வெப் சர்வரை, அதாவது இணையதளப் பக்கங்களைக் கேட்பவர்களுக்கு அனுப்பித்தரும் மென்பொருளை, நாங்களே நிறுவி நாங்களே பராமரிக்கும் இடங்களில்தான் என் வேலைக்காலம் பெரும்பாலும் போயிருக்கிறது. அப்கிரேட் என்றதும் புதிதாகச் சேர்ந்தவர்கள் பயப்படுவது, சர்வர் எழுந்திருக்காமல் போய்விடுமோ என்றுதான். எனக்கு அந்தப் பயம் எப்போதோ விட்டுப்போய்விட்டது. எழாத சர்வர், ஏன் எழவில்லை என்பதைப் பெரும்பாலும் வரி எண்ணோடு சொல்லிவிடும். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் 1.25.1 பதிப்பில், பாதுகாப்பான இணைப்பை இயக்கும் ‘எஸ்எஸ்எல் ஆன்’ என்ற பழைய வரிக்கு இடமில்லை. அது கான்ஃபிக்கில் (சர்வரின் அமைப்புக் கோப்புகளில்) எங்காவது மிச்சமிருந்தால், அதைச் சரிபார்க்கும் சோதனைக் கட்டளையே பிடித்துக் கொடுக்கும். தூக்கத்தைக் கெடுப்பது, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுத் தப்பாக ஓடுகிற சர்வர்.

இதற்கு, அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வர் 2.2 பதிப்பிலிருந்து 2.4-க்கு மாறியதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2.4 வந்தது 2012-ல், 2.2-க்கான ஆதரவு நின்றது 2017-ல். அவ்வளவு அவகாசம் இருந்தும் பலர் கடைசிவரை தள்ளிப்போட்டார்கள். அனுமதி விதிகளை எழுதும் முறையே மாறியிருந்தது. ‘ஆர்டர்’, ‘அலவ்’, ‘டினை’ என்று இருந்தவை ‘ரிக்வயர்’ ஆயின. பழைய வரிகளைத் தாங்கிப்பிடிக்க ஒரு மாட்யூலும் (துணைப் பகுதியும்) உண்டு, ஆனால் பழையதையும் புதியதையும் கலந்து எழுதினால் யாருக்கு அனுமதி, யாருக்கு மறுப்பு என்று ஊகிப்பதே கஷ்டம். சரி, முக்கிய கான்ஃபிக்கைத் திருத்தியாயிற்று, சோதனையும் ‘சின்டாக்ஸ் ஓகே’ என்கிறது. ஆனால் அந்தச் சோதனை தளங்களின் உள்ளே சிதறிக் கிடக்கும், அந்தந்த அடைவுக்கான விதிகளைக் கொண்ட ‘எச்டிஅக்சஸ்’ கோப்புகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. யாராவது அந்தப் பக்கத்தைக் கேட்கும்போதுதான் சர்வர் அவற்றைப் படிக்கும், அவற்றில் புதிய சர்வருக்குப் புரியாத பழைய வரி இருந்தால், அப்போதுதான் ‘சர்வருக்குள் கோளாறு’ என்ற 500 பிழை வரும்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 8-ம் பதிப்பில் இன்னொன்று. தளக் கோப்பின் பெயர் ‘.கான்ஃப்’ என்று முடிந்தால்தான் அப்பாச்சி அதை எடுத்துக்கொள்ளும். முடியாவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, அந்தக் கோப்பே இல்லாதது மாதிரி நடந்துகொள்ளும். அதனால் சோதனைக் கட்டளையின் பதிலை நான் பாதிதான் நம்புவேன். முக்கியமான முகவரிகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி, அப்கிரேடுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றும் என்ன குறியீடு தருகிறது என்று எடுத்து ஒப்பிடுவேன். 403 (அனுமதி மறுப்பு) வரவேண்டிய இடத்தில் 200 (பக்கம் கிடைத்தது) வருவது, 200 வரவேண்டிய இடத்தில் 500 வருவதைவிட மோசம். அதைப் பற்றி யாரும் போன் செய்து புகார் சொல்லமாட்டார்கள்.

புதிய பதிப்பு என்பதாலேயே அது பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. 2021-ல் வந்த அப்பாச்சி 2.4.49-ல், தளத்துக்கு வெளியே உள்ள கோப்புகளை எட்டிப் பிடிக்கக்கூடிய ஓட்டை இருந்தது. 2.4.48-ல் அது இல்லை. அவசரமாக வந்த 2.4.50 அதை முழுதாக அடைக்கவில்லை, 2.4.51 வரை போகவேண்டியிருந்தது. மூல அடைவுக்கு ‘எல்லாருக்கும் மறுப்பு’ என்ற வழக்கமான வரியை அப்படியே வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை.

திரும்பி வரும் வழியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்நாப்ஷாட் (இயந்திரத்தின் அந்த நேரத்து முழு நகல்) எடுத்துவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். டேட்டாபேஸும் அதே இயந்திரத்தில் இருந்தால், ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது இடையில் வந்த பதிவுகளும் சேர்ந்து போய்விடும். பழைய பேக்கேஜையும் கான்ஃபிக் அடைவையும் தனியாக எடுத்துவைத்து, அதை வைத்து வேறொரு இயந்திரத்தில் ஒருமுறை எழுப்பிப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

இணைப்பை மறைகுறியாக்க சர்வர் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி ஒரு லைப்ரரியைப் புதுப்பித்தால், கான்ஃபிக்கைத் திரும்பப் படிக்கவைக்கும் ரீலோட் போதாது, சர்வரை ரீஸ்டார்ட் செய்யவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ் பழைய லைப்ரரியையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். 2014-ல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை தெரியவந்தபோது, பேட்ச் போட்ட பிறகும் ஓட்டையோடு ஓடும் நிலை வந்தது இப்படித்தான்.

எல்லாம் முடிந்ததும், தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய சான்றிதழின் புதுப்பித்தலை ஒத்திகை முறையில் ஓட்டிப் பார்ப்பேன். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் 90 நாள் சான்றிதழ் அப்கிரேட் அன்று நன்றாகத்தான் இருக்கும். புதுப்பிக்கும் வழி அடைபட்டிருந்தால், அது காலாவதியாகும் நாளில்தான் தளத்துக்கு வருபவர்களுக்கு எச்சரிக்கைப் பக்கம் தெரியும். அதற்குள் இந்த அப்கிரேடையே எல்லாரும் மறந்திருப்பார்கள்.