மாத்திரை எத்தனை மணிக்கு?

பிசியோதெரபி வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு பெரியவரின் குறிப்பில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி வைத்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அவருக்கு பார்க்கின்சன், உடம்பின் அசைவைப் பாதிக்கும் மூளை நோய். காலையில் வந்தால் ஓரளவு நன்றாகவே நடப்பார். மதியம் வந்தால் வாசலிலேயே பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "காலை எடுத்து வைங்க ஐயா" என்று எத்தனை தடவை சொன்னாலும் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. காலையில் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை, வேண்டுமென்றே அடம்பிடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் மகளோ, "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்" என்றார். நாங்கள் இருவரும் நினைத்தது தப்பு.

"மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார்னு கேட்டீங்களா?" என்றார் ஒரு மூத்த நர்ஸ். எனக்கு அது தோன்றவே இல்லை.

கல்லூரியில் படித்ததுதான். நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் சின்னப் பகுதி, சப்ஸ்டான்ஷியா நைக்ரா. அங்குள்ள செல்கள் தரும் டோபமின் என்ற ரசாயனம் இருந்தால்தான் அசைவு தடையில்லாமல் தொடங்கும். கை நடுங்கத் தொடங்கும்போதே அந்தச் செல்களில் கணிசமான பங்கு போயிருக்கும். டோபமினை நேராகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. மாத்திரையில் இருக்கும் லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமினாக மாறும். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் வாசலில் நிற்கும் மனிதரைப் புரிந்துகொள்ள இது போதவில்லை.

நோயின் ஆரம்பத்தில், மிச்சமிருக்கும் செல்கள் அந்த டோபமினைச் சேமித்து, தேவைக்கேற்பக் கொடுக்கும். அதனால் மாத்திரை கொஞ்சம் தாமதமானாலும் தெரியாது. வருடங்கள் போகப் போகச் சேமிக்கிற செல்களும் குறையும். அப்புறம் மாத்திரையின் வேலை சில மணி நேரம்தான். ரத்தத்தில் லெவோடோபா இறங்கினால் உடம்பும் இறங்கிவிடும். புரதம் அதிகமான சாப்பாட்டோடு போட்டால் இன்னும் சிக்கல், மூளைக்குள் நுழையும் வழியில் இரண்டும் போட்டி போடும். பெரியவர் மதிய மாத்திரையைச் சாப்பிட்ட கையோடு போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்துகொண்டிருந்தார்.

மகள் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. இந்த நோய்க்கு மிகப் பெரிய காரணி வயதுதான். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் அந்தச் செல்கள் மெல்லக் குறைகின்றன. ஒவ்வொரு செல்லும் எக்கச்சக்கமான கிளைகளை விரித்து வேலை செய்வதால் சக்தி நிறையத் தேவை. அந்தச் சக்தியைத் தரும் மைட்டோகாண்ட்ரியா முதுமையில் தளரும். ஆனால் முதுமை வேகமாக ஓடினால் பார்க்கின்சன் என்று சொல்லிவிட முடியாது. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் திரள்வது, சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலேயே எந்தப் பகுதி அதிகம் அழிகிறது என்பது, எல்லாம் இதில் வேறு மாதிரி. ஐம்பது வயதைத் தொடாதவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் வயதைக் காரணம் சொல்ல யாருக்கு வாய் வரும்?

சரி, அந்தப் பெரியவருக்கு வருவோம். டாக்டரிடம் பேசி மாத்திரை நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினார்கள்; நான் அவருடைய நேரத்தை மருந்து வேலை செய்யும் பொழுதுக்குத் தள்ளினேன். வாசலில் குறுக்காக வெள்ளை டேப் ஒட்டி, "கோட்டைத் தாண்டுங்க" என்றேன். கால் எழுந்தது. கண்ணுக்கு ஓர் இலக்கு கிடைத்தால் மூளை வேறு வழியாக அசைவைத் தொடங்கிவிடுகிறது.

குறிப்பில் எழுதியதை அழிக்கக் கூடாது. "ஒத்துழைக்கவில்லை" என்பதற்குக் கீழே, மாத்திரை போட்ட நேரத்தையும் அவர் வந்த நேரத்தையும் எழுதி வைத்தேன்.