காற்றுத் துளைக்குள் விட்ட ஓயில்

மூன்று வாரம் என் எயார் ரைபிள் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. குண்டு 4.5 மில்லிமீற்றர், குழலை மடித்து ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. களுவாஞ்சிகுடி வீட்டு வளவில் மண்மூட்டைக்கு முன்னால் அட்டை கட்டி 10 மீற்றரில் பழகுவேன். முன்பு ஐந்து குண்டும் நெருங்கி விழும். திடீரென்று ஒன்று மேலே, ஒன்று வலப்பக்கம், விரல் நீளத்துக்கு விலகல்.

நான் விட்ட பிழை, எதையும் சோதிக்காமல் பஸ் ஏறியது. மட்டக்களப்பு டவுனில் பழுது பார்க்கும் ஒருவர், "ஓயில் காய்ஞ்சு போச்சு தம்பி, விட்டாச் சரி" என்றார். குழலை மடித்ததும் தெரியும் காற்றுத் துளைக்குள்ளேயே தையல் மெஷின் ஓயிலை விட்டார். 800 ரூபாய். வீட்டுக்கு வந்து சுட்டால் படாரென்று வெடி, குழல் வாயில் நீலப் புகை, கருகல் மணம். அமுங்கிய காற்றின் சூட்டில் உள்ளே ஓயில் எரிகிறது. டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுதான். வெடிக்கு வெடி வேகம் மாறினால் குண்டு எப்படி ஓரிடத்தில் விழும்? தயவுசெய்து அந்தத் துளைக்குள் எவரையும் ஓயில் விட விடாதீர்கள். உள்ளே காற்றை அடைக்கும் சீலும் ஸ்பிரிங்கும் போய்விடும். கேட்கலாம் என்று திரும்பப் போனேன், கடை பூட்டு. புகை அடங்க நாற்பது குண்டு செலவானது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மரக்கட்டையின் முன் திருகாணிகள் இரண்டும் அரைச் சுற்று லூஸ். இறுக்கியதும் பாதி சரி. மறுகா, குழல் மடியும் பொருத்தின்மேல் ஒரு கீற்று டிஷ்யூவை வைத்துச் சுட்டேன். துள்ளிப் பறந்தது. காற்று அங்கேதான் கசிகிறது! குழல் கிறுகி மூடாமல் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தப் பொருத்தில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையத்தை ஊசியால் கிளப்பினேன். ஒரு பக்கம் தட்டையாகி, நகம் பட்ட இடத்தில் வெடித்தது. மோட்டார் சைக்கிள் பாகம் விற்கும் கடையில் அளவு பார்த்து வாங்கிய புது வளையம் 60 ரூபாய். டிஷ்யூ அசையவில்லை.

மிச்சம் என் பிடியில் இருந்தது. மேசை விளிம்பில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தேன். ஸ்பிரிங் வகை, குண்டு குழலை விட்டுப் போகுமுன்பே உதைக்கத் தொடங்கும். கடினமான இடத்தில் வைத்தால் துள்ளும். இடது உள்ளங்கையில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், மெதுவாகத் தாங்கவேண்டும். சோதிக்கும்போது ஒரே டப்பாக் குண்டையே பாவியுங்கள், விளிம்பு நசுங்கியதை ஒதுக்குங்கள். குண்டில்லாமல் வெறுமனே சுடவே கூடாது, ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் நேரே போய் மோதும்.

நேற்றுப் பின்னேரம் ஐந்து குண்டு. அட்டையைக் கழற்றி இரண்டு ரூபாய்க் குத்தியை மேலே வைத்தேன். ஐந்து துளையும் மறைந்தன.