பெரிய பேட்டரியைப் பழி சொல்வதற்கு முன்னால் சின்னதை அளந்து பாருங்கள்

மலேசியாவில் 2011 தொடங்கி 2013 முடியும்வரை, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார்களுக்கு, 2000 சிசிக்கு உட்பட்டதாக இருந்தால், இறக்குமதி வரியும் கலால் வரியும் கிடையாது. அந்தச் சமயத்தில் வந்து இறங்கிய டொயோட்டா பிரியஸ், பிரியஸ் சி, ஹோண்டா ஜாஸ் ஹைப்ரிட், இன்சைட் எல்லாம் கைமாறிக் கைமாறி இன்று நம்மைப் போன்றவர்களின் வீட்டு வாசலில் நிற்கின்றன. பினாங்கின் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் எந்தத் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) நுழைந்தாலும் ஒன்றாவது கண்ணில் படும். தினமும் பினாங்குப் பாலம் கடந்து தீவிலிருக்கும் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கார் எண்ணெய்ச் (பெட்ரோல்) செலவில் எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் பத்து வருடம் தாண்டிய ஹைப்ரிட் என்றதும் எல்லோருக்கும் ஒரே பயம்: "பேட்டரி போய்விட்டால்?" அந்தப் பயத்தை வைத்துத்தான் பலரிடம் பணம் கறக்கப்படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறவன். மின்சாரம் போனால் இயந்திரங்களைத் தாங்குகிற பேட்டரிகளை அளந்து பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அங்கே யாரும் பேட்டரியைப் பார்த்த மாத்திரத்தில் "போச்சு" என்று சொல்லிவிட முடியாது. அளந்து காட்ட வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். ஹைப்ரிட் காரில் பேட்டரி இரண்டு. சக்கரத்தை ஓட்டும் பெரிய பேட்டரி ஒன்று. பிரியஸ் சி-யில் அது 144 வோல்ட், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ட். மற்றொன்று எல்லாக் கார்களிலும் இருக்கிற அதே 12 வோல்ட் பேட்டரி. டொயோட்டா ஹைப்ரிட்டில் எஞ்சினைச் சுழற்றிவிடுவது பெரிய பேட்டரிதான். சின்னதுக்கு அந்தப் பாரம் இல்லை. காரின் கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை (மின் சுவிட்சுகளை) மூடிவிட்டால் அதன் முக்கிய வேலை முடிந்தது.

சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. சாதாரணக் காரில் பேட்டரி பலவீனமானால் காலையில் எஞ்சின் முக்கி முனகிச் சுழலும், "ஆஹா, மாற்ற வேண்டும்" என்று நமக்குப் புரிந்துவிடும். ஹைப்ரிட்டில் அந்த முனகல் கிடையாது. பாதி செத்த பேட்டரியாலும் கணினியை எழுப்பிவிட முடியும், அதனால் நேற்றுவரை நன்றாக ஓடிய கார் இன்று கதவைக்கூடத் திறக்காது. அதைவிட மோசம், வோல்ட் குறைந்த நிலையில் கணினிகள் அரைகுறையாக எழுந்து கண்டபடி எச்சரிக்கை விளக்குகளைப் போட ஆரம்பிக்கும். பிரேக், ஏபிஎஸ், ஸ்டீரிங், சிவப்பு முக்கோணம் எல்லாம் ஒன்றாக எரியும். பார்க்கிறவர் பெரிய பேட்டரிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்.

என் மாமனாருக்கு நடந்தது இதுதான். அவர் பிரியஸ் சி வைத்திருக்கிறார். ஒரு நாள் காலையில், கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு வரவில்லை, டேஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை. பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்து பார்த்தவர், வோல்ட் அளக்கும் மீட்டரைத் தொடாமலேயே "ஹைப்ரிட் பேட்டரி முடிந்தது" என்று சொல்லி, பல ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) ஒரு கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மாமா எனக்குப் போன் செய்தபோது குரலே சரியில்லை. "மாப்பிள்ளை, காடியை இப்படியே யார்கிட்டயாவது தள்ளிவிட்டுடலாமா? இவ்வளவு காசு போட்டு எதுக்கு?" என்றார்.

"மாமா, நான் வந்து பார்க்கிறவரைக்கும் யாருக்கும் சரின்னு சொல்லாதீங்க" என்றேன்.

பின் சீட்டை அகற்றி 12 வோல்ட் பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 11.4. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 11.4 என்றால் அது காலி. முனையைச் சுற்றி வெள்ளைப் பொடி வேறு பூத்திருந்தது. பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தால், அவர் இந்தக் காரை வாங்குவதற்கு முன்பே போட்டது. புதுசு மாற்றினோம். ரெடி விளக்கு வந்தது, மற்ற விளக்குகள் அணைந்தன. செலவு சில நூறு வெள்ளியோடு நின்றது. மாமா இன்றும் அதே காரில்தான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் வருகிறார்.

மீட்டர் வாங்க ஐம்பது வெள்ளிகூட ஆகாது. ஹைப்ரிட் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பேன். ஆனால் அளக்கிற நேரம் முக்கியம். ஓட்டிவிட்டு வந்ததும் அளந்தால் எந்தப் பேட்டரியும் நல்லதாகத்தான் தெரியும். இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் அளக்க வேண்டும். பிரியஸில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் 'உய்ங்' என்று ஒரு சத்தம் கேட்கும், கவனித்திருப்பீர்கள். பிரேக் பம்ப் அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும் சத்தம் அது. அந்த நேரம் வோல்ட் சட்டென்று இறங்கும். சத்தம் அடங்கி, எல்லாம் தூங்கிப் போகக் கொஞ்சம் நேரம் கொடுத்துவிட்டு அளவைப் பாருங்கள். அப்புறம் பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தி, முன்விளக்கைப் போட்டுவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருங்கள். நல்ல பேட்டரி கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்கும். 12-க்குக் கீழே போயும் நிற்காமல் விறுவிறுவென்று இறங்கிக்கொண்டே இருந்தால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கடைசியாகப் பிரேக்கை மிதித்து ரெடிக்குக் கொண்டுவந்தால் 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரி மீது குற்றமில்லை, சார்ஜ் ஏற்றும் பக்கம் பார்க்க வேண்டும்.

ரெடி விளக்கு எரியும்போது மட்டும்தான் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போய், ரெடி இல்லாமல் ரேடியோவை மட்டும் போட்டுக் காத்திருப்பது அதைக் கொல்லும் வேலை. ரெடியிலேயே காத்திருங்கள், தேவைப்பட்டால் எஞ்சின் தானே எழும், தானே நிற்கும். கார் நின்ற பிறகும் ஓடுகிற மாதிரி பூட்டிய டேஷ்கேமும் இரவு முழுக்க இதே பேட்டரியைத்தான் உறிஞ்சும்.

மாற்றும்போது விலை குறைவு என்று எதையாவது போடாதீர்கள். பிரியஸ் மாதிரி கார்களில் இந்தப் பேட்டரி ஆட்கள் உட்காரும் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு அமிலம் சிந்தாத, மூடிய ஏஜிஎம் வகைதான் போட வேண்டும், வாயு வெளியே போகும் குழாயையும் மறக்காமல் மாட்ட வேண்டும். செத்த பேட்டரிக்கு வேறு பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் ஃபியூஸோடு நிற்காமல் விலை உயர்ந்த மின்னணுப் பாகங்களும் போகலாம். அவசரப்படுத்துகிறவர் கையில் அந்த வயரைக் கொடுக்காதீர்கள்.

சரி, பெரிய பேட்டரிக்கு ஒன்றுமே ஆகாதா என்றால், ஆகும். என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பர் ஒருவரின் மூன்றாம் தலைமுறை பிரியஸில் அதுதான் நடந்தது. அறிகுறிகள் வேறு மாதிரி இருந்தன. திரையில் பேட்டரிக் கோடுகள் பாலத்தில் ஏறும்போது மளமளவென்று இறங்கும், கொஞ்ச நேரத்தில் ஒரேயடியாக நிறையும். எஞ்சின் முன்னைவிட அடிக்கடி எழுந்தது. எண்ணெய் கூடுதலாகக் குடித்தது. பின் சீட்டுப் பக்கமிருந்து மின்விசிறி இரைச்சல் வேறு. சிவப்பு முக்கோணம் வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். கோளாறுக் குறியீட்டைப் படித்துப் பார்த்தால் பி0ஏ80, பெரிய பேட்டரியை மாற்றச் சொல்லும் குறியீடு.

அந்த மின்விசிறியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய பேட்டரி குளிர்வது காருக்குள் இருக்கிற காற்றை இழுத்துத்தான். பின் சீட்டின் ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு துவாரம் இருக்கும். நண்பர் வீட்டில் பூனைகள். அந்த மூடியைக் கழற்றி விசிறியை வெளியே எடுத்தோம். இதழ்களுக்கு நடுவே பூனை முடியும் தூசும் சேர்ந்து கம்பளித் துணிபோல இறுகிக் கிடந்தன, விரலால் உரித்து எடுக்க வேண்டியிருந்தது. துவாரத்தின் மேலேயே பயணப் பை வைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. நிழலிலேயே 32 டிகிரி அடிக்கிற ஊர் இது. வெட்டவெளியில் ஷிப்ட் முழுக்க நிற்கும் கார், மூச்சுவிட வழியில்லாத நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. இரண்டும் சேர்ந்தால் எந்த செல்லும் தாங்காது.

அவர் காரிலும் அளந்துதான் முடிவுக்கு வந்தோம். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி, டாக்டர் பிரியஸ் செயலியில் பார்த்தால் பெரிய பேட்டரியின் பதினான்கு பிளாக்குகளின் (செல் தொகுதிகளின்) வோல்ட்டும் தனித்தனியே தெரியும். ஓய்வில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. நண்பர் எண்ணெய் மிதியை அழுத்தி மிதித்தபோது ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கும் மேல் கீழே விழுந்தது. இப்படி எண்ணைக் காட்டி "பெரிய பேட்டரி போய்விட்டது" என்று சொன்னால் நம்பலாம். கெட்டுப்போன மாட்யூலை (பிளாக்குக்குள் இருக்கும் செல் பெட்டியை) மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சிலர் மலிவாகச் சொல்வார்கள். அதே வயதான மற்ற மாட்யூல்களும் வரிசையாகக் காத்திருக்கின்றன என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. முழுப் பேட்டரியாக, எழுத்தில் உத்தரவாதத்தோடு மாற்றுவதே மேல். நண்பரும் அப்படித்தான் செய்தார், விசிறியைச் சுத்தம் செய்த பிறகு. அதைச் செய்யாமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஆரஞ்சு நிற வயர் உள்ள எதையும் நீங்களாகத் திறக்காதீர்கள். அது உயிரை எடுக்கிற மின்சாரம். பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தேங்கியது வடிய நேரம் எடுக்கும். பழகிய போமன் (மெக்கானிக்) அதற்குரிய கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. உங்கள் வேலை துவாரத்தைத் திறந்து வைத்திருப்பது, விசிறியை வருடத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்யச் சொல்வது, வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஜன்னலைத் திறந்து சூடு போனபின் ஏசி போடுவது. ஏசியைப் போடக் கஞ்சப்படாதீர்கள், நீங்கள் இழுக்கிற அதே காற்றைத்தான் பேட்டரியும் இழுக்கிறது.

பாலத்தில் ஜேம் பிடிக்கும்போது பலர் நியூட்ரலில் போட்டுவிட்டு உட்காருகிறார்கள். டொயோட்டா ஹைப்ரிட்டில் நியூட்ரலில் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, ஏசி மட்டும் அதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். டி-யில் பிரேக்கை மிதித்தபடி நில்லுங்கள், நீண்ட நேரம் என்றால் பி-யில் போடுங்கள்.

இந்த வருடக் கடைசியில் ஊருக்கு, அதாவது தமிழ்நாட்டுக்கு, மாதக்கணக்கில் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். சாவியை நம்பிக்கையானவரிடம் கொடுத்து, வாரத்துக்கு ஒரு முறை அரைமணி நேரமாவது காரை ஓட்டச் சொல்லிவிட்டுப் போங்கள். அப்படி ஆள் இல்லையென்றால் சின்ன பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போகலாம். பின்கதவு மின்சாரத்தில் திறக்கிற கார் என்றால், பூட்டுவதற்கு முன்னால் சாவிக் கட்டைக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி ஓட்டுநர் கதவில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். திரும்பி வந்த அன்று உள்ளே போக அது ஒன்றுதான் வழி.