கல்லீரல் செல் பித்த அமிலத்துக்குக் கதவடைக்கும் விதம்

நம் உடலில் உள்ள பித்த அமிலத்தின் மொத்த இருப்பு ஏறக்குறைய 3 கிராம்தான். அந்தச் சிறிய இருப்பே குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே நாள்தோறும் பலமுறை சுற்றிவந்து, உணவிலுள்ள கொழுப்பு செரிக்க உதவுகிறது. குடலுக்குள் செல்வதில் சுமார் 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே கல்லீரலை வந்தடைகிறது.

அப்படித் திரும்பி வருவதைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் முதன்மையான புரதம் என்.டி.சி.பி. இரத்தத்தை நோக்கிய சவ்வில் அமைந்திருக்கும் இது, ஒவ்வொரு பித்த அமில மூலக்கூறுடனும் இரண்டு சோடியம் அயனிகளைச் சேர்த்தே உள்ளே கொண்டுசெல்கிறது. பித்த அமிலமோ சோப்பைப் போலக் கொழுப்பைக் கரைக்கும் தன்மை கொண்டது. அளவு மீறிச் சேர்ந்தால் செல்லின் சவ்வையே சிதைத்துவிடும். ஆகவே, எவ்வளவு உள்ளே விடுவது என்பது அந்தச் செல்லுக்கு உயிர்ப் பிரச்சினை.

அந்த அளவை உணரும் பொறுப்பு, உட்கருவில் உள்ள எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பிக்கு, அதாவது குறிப்பிட்ட மூலக்கூறு ஒட்டியதும் மரபணுக்களை இயக்கும் புரதத்துக்கு, உரியது. பித்த அமிலங்களே, குறிப்பாகச் சீனோடிஆக்சிகோலிக் அமிலம், இதைத் தூண்டுகின்றன என்பது 1999இல் தெரியவந்தது. தூண்டப்பட்ட எஃப்.எக்ஸ்.ஆர்., எஸ்.எச்.பி. என்ற புரதத்தின் மரபணுவை இயக்குகிறது. இந்தப் புரதத்தை மிகவும் நுட்பமான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன், டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதி இதற்குக் கிடையாது. மரபணுக்களை இயக்கிக்கொண்டிருக்கும் பிற ஏற்பிகளோடு ஒட்டி, அவற்றின் வேகத்தைத் தணிப்பதே இதன் வேலை. எலியில் ரெட்டினாயிக் அமில ஏற்பியும், மனிதரில் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியும் என்.டி.சி.பி. மரபணுவை ஊக்குவிப்பதை எஸ்.எச்.பி. இவ்வாறு அடக்குகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது என்பதற்கு இது தெளிவான சான்று. கொலஸ்ட்ராலிலிருந்து புதிய பித்த அமிலம் தயாரிக்கும் நொதியின் மரபணுவும் இதே வழியில் அடங்குகிறது. மறுபக்கம், பித்த அமிலத்தைப் பித்த நுண்குழாய்க்குள் தள்ளும் பி.எஸ்.இ.பி. என்ற புரதத்தின் மரபணுவை எஃப்.எக்ஸ்.ஆர். நேரடியாகவே முடுக்கிவிடுகிறது.

கடும் தொற்றின்போது அழற்சிச் சமிக்ஞைகளும் என்.டி.சி.பி.யைக் குறைக்கின்றன.

எனவே கல்லீரலிலிருந்து பித்தம் சரிவர வெளியேறாத பித்தத் தேக்க நிலையில், இரத்தத்தில் பித்த அமிலம் உயர்வதை, கல்லீரல் செயலிழந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக மட்டும் கொள்வது சரியன்று. அந்த உயர்வில் ஒரு பங்கு, செல் தன்னைக் காத்துக்கொள்ள உள்வாங்கலைக் குறைத்ததன் விளைவு. பிறவியிலேயே என்.டி.சி.பி. இயங்காதவர்களுக்கு இரத்தத்தில் பித்த அமிலம் மிகவும் உயர்ந்திருந்தும், பெரும்பாலும் கல்லீரலுக்குப் பெரிய கேடு நேர்வதில்லை என்பது இந்தக் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றுவதும் இதே புரதத்தைத்தான் என்று 2012இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுசெல்களில் என்.டி.சி.பி. மிகக் குறைவு, அவற்றை அந்த வைரஸ் தொற்றாததன் காரணம் அதன் பிறகே விளங்கியது. இந்தப் புரதத்தை அடைக்கும் புலெவிர்டைடு என்ற மருந்து, அதே புரதத்தின் வழியே நுழையும் வைரஸால் வரும் ஹெபடைட்டிஸ் டி நோய்க்கு 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. அதை எடுத்துக்கொள்வோரின் இரத்தத்தில் பித்த அமிலம் உயர்வது எதிர்பார்க்கப்படும் விளைவே. மருந்தை நிறுத்தியதும் அது தணிந்துவிடுகிறது.